விபூதிச் சம்புடத்துக் கடிகாரம்

அத்தியாயம் 11

அன்று காலையில் சண்முகசுந்தரி ஒரே கவுனுக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்தாள்.

தைக்க உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது. நாலு வருஷமாகக் கொடைக்கானல் பள்ளிக்கூட ஹாஸ்டலில் கத்தரி பிடிப்பவள். ஒரு நாள் ஒரு பிசகு கிடையாது. இன்றைக்கு என்ன வந்தது என்று அவளே தலையில் தட்டிக்கொண்டாள். வந்தது என்னவென்று அவளுக்குத் தெரியாதா என்ன?

சாயங்காலம் ஐந்து மணி. அதுதான் வந்தது.

பஜாரில் ஆண்டிச்சாமியின் மாடியறை காலியாகிறது. ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ். ஐந்தேகால் பஸ்ஸுக்கு அவர் பெரியகுளம் போகிறார். அதற்குள் யார் பணத்தோடு வந்தாலும் சாவி அவர்களுக்கு. ஒரு சலூன்காரர் ஏற்கெனவே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார். அறை கிடைத்தால் சுந்தரிக்குச் சொந்தத் தையல்கடை. கிடைக்காவிட்டால், இந்த மே மாதம் முப்பத்தோராம் தேதி ஹாஸ்டல் தையல் அறையை மூடுகிற அன்றைக்கு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழனியில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே அண்ணி ஒரு தப்பான சொல் சொல்ல மாட்டாள். சோற்றுக் கரண்டி தட்டில் படுகிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். புருஷனைப் பறிகொடுத்து வந்த நாளிலிருந்து சுந்தரி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தின்ற வருஷங்கள் போதும்.

ஐந்நூறு ரூபாய்க்கு அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அப்பாவின் கடிகாரம்.

சுந்தரியின் அப்பா சேகண்டிக் கந்தவேலை இந்தக் கதையைப் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரியாது. பழனி அடிவாரத்தில் காவடி மடத்து மண்டபத்தில் மணிக்கு மணி வெண்கலச் சேகண்டியை அடிப்பது அவர் வேலை. யாத்திரைக்காரர், வண்டிக்காரர், பால்காரர், எல்லோருக்கும் அந்தச் சேகண்டிதான் நேரம். இலங்கைத் தோட்டத்திலிருந்து காவடி எடுத்து வந்த கங்காணி ஒருவர், தம்முடைய துரை கொடுத்த வெள்ளிக் கடிகாரத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துத்தான் அடித்தார். கடைசி அஞ்சாறு வருஷம் அதையும் பார்ப்பதில்லை. மடியில் இருக்கும் கடிகாரத்தைக் கையால் தொட்டுக்கொள்வார், எழுந்து போவார், அடிப்பார். இம்மி பிசகாது. கந்தவேலுக்கு முருகன் காதில் வந்து மணி சொல்கிறான் என்று அடிவாரமே பேசியது. ஐம்பத்தாறு ஐப்பசியில் அவர் கண்ணை மூடியபோது, மடத்து மானேஜரே வந்து பாடையைத் தொட்டுக் கும்பிட்டார். அந்த மரியாதையில்தான் மூத்தவன் ஞானவேலுக்கு அதே வேலையும் அதே மடத்து வீடும் கிடைத்தது. அவன் ஒரு டைம்பீஸை வைத்துக்கொண்டு அடிக்கிறான். இரண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கும்.

போன வாரம் சுந்தரி பழனிக்குப் போய்க் கடிகாரத்தைக் கேட்டாள். அண்ணன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அப்பா பெயருக்கு ஏற்ற விலைக்கு விற்பதானால் சரி என்றான். அம்மா பாப்பம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பூஜை மாடத்திலிருந்து பித்தளைச் சம்புடத்தை எடுத்து வந்தாள். அது நிறைய விபூதி. அந்த விபூதிக்குள் கடிகாரம் புதைந்து கிடந்தது.

"விபூதியைத் தட்டிறாத, தாயி. எப்படிக் கெடக்கோ அப்படியே வித்துட்டு வந்துரு. தொறக்க விடாத."

அதைச் சொல்லிவிட்டு அம்மா சம்புடத்தை இரண்டு தரம் திறந்து திறந்து மூடினாள். வயசாகிவிட்டது என்று சுந்தரி நினைத்துக்கொண்டாள்.

தட்டாமல் எப்படி விற்பது? பழனியில் ஆசாரி தராசில் வைத்து, உருக்கினால் எழுபது ரூபாய் தேறும் என்றார். கொடைக்கானலுக்கு வந்ததும் சுந்தரி நேரே பஜாரில் அப்துல் சலாம் பாய் கடைக்குப் போனாள். துரைமார் கடிகாரமெல்லாம் பழுது பார்க்கிறவர். அவர் கண்ணில் கண்ணாடிக் குழலை மாட்டி, பின்மூடியைக் கிளப்பிப் பார்த்தார். பிறகு, தங்கச்சி, இதை எட்டு நாள் எங்கிட்டே விட்டுட்டுப் போங்க, கூலி வித்த பெறகு குடுங்க என்றார்.

இன்று எட்டாம் நாள்.

*

பதினொன்றரை மணிக்கு அவள் கடைப்படி ஏறினாள். சலாம் பாய் கடைக்குள் நுழைந்தால் யாருக்கும் நேரம் குழம்பிவிடும். சுவரில் பதினேழு கடிகாரங்கள், பதினேழும் வெவ்வேறு மணி. ஒன்று மூன்று என்னும், பக்கத்தில் இருப்பது ஒன்பதரை என்னும். பழுதுக்கு வந்தவை வேறு எப்படி இருக்கும்?

பாய் முதலில் காட்டியது கடிகாரத்தை அல்ல. ஒரு பொட்டலத்தை. உள்ளே இருந்து துடைத்தெடுத்த விபூதியை ஒரு துளி சிந்தாமல் வெள்ளைத் தாளில் மடித்து வைத்திருந்தார். உங்க சாமி சாமான், கீழே கொட்ட மனசு வரலை என்றார். சுந்தரி கண் கலங்க அதை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தாள்.

அடுத்தது திட்டு. மேல் மூடி பளபளவென்று மின்னியது, பின்மூடி கறுத்திருந்தது. எந்தப் புண்ணியவான் இதைப் புளி போட்டு விளக்கினது என்று கேட்டார். அண்ணன்தான். சம்புடத்திலிருந்து எடுத்த கையோடு, விற்கப் போகிற சாமான் பார்வையாக இருக்கட்டும் என்று குத்துவிளக்கை விளக்குவது மாதிரி விளக்கியிருக்கிறான். நல்ல வேளை, பாதியில் அம்மா பிடுங்கி மறுபடி விபூதிக்குள் வைத்துவிட்டாள்.

"பழைய சாமானுக்குக் கறுப்புத்தாங்க அழகு. இந்தப் பளபளப்புல அம்பது ரூபா போச்சு. பின்பக்கம் தப்பிச்சது அல்லா காரியம். முத்திரை பூரா அங்கதான் இருக்கு."

பிறகுதான் அவர் மேஜை விளக்கைத் தாழ்த்திப் பின்மூடியைத் திறந்தார். சுந்தரி குனிந்தாள்.

அப்பாவின் மடியில் இருபத்தைந்து வருஷம் கிடந்த ஒரு வட்டச் சாமான், அவ்வளவுதான் அவளுக்கு அது. உள்ளே இப்படி ஒரு ஊர் இருக்கும் என்று யார் கண்டார்கள்? பொன்னிறச் சக்கரங்கள் ஒன்றன் மேல் ஒன்று. எள்ளைவிடச் சின்னத் திருகாணிகள், ஒவ்வொன்றின் தலையும் மயில்கழுத்து நீலம். சிவப்புக் கற்கள். நடுவே ஒரு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபோது அவள் தன்னையறியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்கும்போது செய்வது அது.

சலாம் பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார். முகப்பில் செய்தவர் பெயர் இல்லை. ஆனால் மூடியின் உள்ளே ஒரு நம்பரும், கடுகளவு முத்திரையும் உண்டு. நம்பரை மெட்ராஸில் தெரிந்த வியாபாரிக்கு எழுதிப் போட்டுக் கேட்டார். சுவிட்சர்லாந்தில் செய்தது, எண்பது வருஷத்துக்குக் குறையாது என்று பதில் வந்தது. விபூதி சக்கரப் பல்லில் எல்லாம் அப்பியிருந்தது. பெட்ரோலில் ஊறப்போட்டு, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, இரண்டு நாள் ஆனது. கடிகாரத்தை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. ஒடிந்த முனையில் துரு, விபூதி துருவின் மேலேதான் ஏறியிருந்தது, அதனால் இது முதலில் ஒடிந்து பிறகுதான் சம்புடத்துக்குள் போயிருக்கிறது. புது ஸ்பிரிங் மெட்ராஸிலிருந்து வந்து நேற்றுத்தான் போட்டார்.

பாய் சொன்ன கடைசி விஷயத்தைச் சுந்தரி காதில் வாங்கவில்லை. அவள் விலையைக் கேட்டாள்.

விலை இரண்டு விதம் என்றார் பாய். பம்பாயிலிருந்து சீசனுக்கு வந்திருக்கும் ஒரு பார்சிக்காரர் நாலு மணிக்கு வருகிறார், பழைய கடிகாரம் சேர்ப்பவர். வெறுமனே ஓடுகிற கடிகாரம் என்றால் நானூறு தருவார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எப்படிப் புழங்கியது என்று உடையவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தொள்ளாயிரம்.

நானூறு என்றால் சாவி கிடையாது. தொள்ளாயிரம் என்றால் அறையும் உண்டு, ஒரு தையல் மெஷினும் உண்டு. எழுதுவதில் என்ன கஷ்டம், கங்காணி கொடுத்தார், அப்பா பார்த்துச் சேகண்டி அடித்தார், இரண்டு வரி என்று சுந்தரி நினைத்தாள்.

*

ஞானவேல் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. வத்தலக்குண்டு பஸ். அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். மலை வளைவில் தலை சுற்றி, பக்கத்தில் மூஞ்சிக்கல்லில் தெரிந்தவர் வீட்டில் படுக்க வைத்திருக்கிறானாம்.

கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்த சேதி கடுதாசியில் வந்த நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அலுத்துக்கொண்டான். நானும் வாரேன், நானும் வாரேன் என்று ஒரே பிடிவாதம். கடிகாரத்தில் மணி பார்க்கக்கூடத் தெரியாத அம்மாவுக்கு இதில் என்ன சோலி என்று கேட்டான். அப்புறம் கடிகாரம் ஓடுவதைப் பார்த்தான், வாய் அடைத்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சாமி மணி சொன்ன கடிகாரம் பாய் இது. தொள்ளாயிரமெல்லாம் ஒரு விலையா?"

சலாம் பாய் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன் விளிம்பில் விரலால் நகர்த்துகிற மாதிரி சின்னதாய் ஒரு தள்ளு இருக்கிறது, அது என்னவென்று தெரியுமா என்று கேட்டார். தெரியுமே, அது ஒடிந்த தாழ்ப்பாள், எங்கள் காலத்தில் நகர்ந்ததே இல்லை என்றான் ஞானவேல்.

பாய் கடிகாரத்தைச் சுந்தரியின் உள்ளங்கையில் வைத்து, அந்தத் தள்ளை நகர்த்திவிடச் சொன்னார். அவள் கட்டைவிரலால் தள்ளினாள். அது போய், தானே திரும்பி வந்தது.

ணிங்.

கடைக்குள் எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி ணிங். மறுபடி. தூரத்தில் எங்கோ கோயிலில் அடிக்கிற மணி, ஆனால் அது தன் கைக்குள்ளே அடிக்கிறது. கடிகாரம் அவள் உள்ளங்கையில் துடித்தது. பன்னிரண்டு தடவை. அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு ணிங்-ணங், ணிங்-ணங், ணிங்-ணங் என்று மூன்று ஜோடி. பிறகு ஓய்ந்தது.

"பன்னெண்டே முக்கால்" என்றார் சலாம் பாய், மெதுவாக. "மணிக்கு ஒத்தைச் சத்தம். கால் மணிக்கு ஜோடிச் சத்தம். இருட்டுல மணி தெரிஞ்சுக்கிற துரைமாருக்காகச் செஞ்சது. பாக்க வேண்டியதில்லை, கேட்டாப் போதும்."

உள்ளே அடுப்படியிலிருந்த பாயின் மனைவி சர்புன்னிசா, கையில் கரண்டியோடு வாசல் திரை ஓரம் வந்து நின்றாள். இன்னொரு தரம் என்று அவள்தான் கேட்டாள். சுந்தரி இன்னொரு தரம் தள்ளினாள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மணி அடித்தவரின் மடியிலேயே ஒரு மணி ஒளிந்து கிடந்திருக்கிறது. அப்பாவுக்கு இது தெரியாமலே போய்விட்டதே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சலாம் பாய் கடிகாரத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். தெரியாமல் போகவில்லை என்றார்.

உள்மூடியைத் திருப்பிக் காட்டினார். ஊசியால் கீறின மாதிரி சின்னச் சின்ன எழுத்துகள். பழுது பார்க்கிறவர் ஒவ்வொருவரும் தம் அடையாளத்தையும் தேதியையும் உள்ளே கீறி வைப்பது வழக்கமாம். நாலைந்து கீறல் வெளிநாட்டில் போட்டது. கடைசிக் கீறல் ஒரு பிறை, பக்கத்தில் 7-52, அதாவது ஐம்பத்திரண்டு ஜூலை.

"பிறை எங்க மாமு போடுறது. இதே மேஜையில வச்சுப் போட்டது. அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தேன். ஒரு அம்மா கொண்டாந்தாங்க. மழை நாளு. நாளைக்கு வேணாம், இன்னைக்கே வேணும்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் படியிலேயே உக்காந்திருந்தாங்க. எனக்கு ஏன் ஞாபகம்னா, அவங்க சொன்னது அப்படி. முள்ளு ஓடுறது முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லீங்க, சத்தம் சரியா வரணும். அதுதான் சொன்னாங்க."

ஞானவேல், அது வேறு யாராவது இருக்கும் என்றான். வேறு யார்? அப்பாவின் மடியை விட்டு அது நகர்ந்ததே இல்லையே.

சுந்தரி அந்தப் பிறைக் கீறலையே பார்த்தாள். முள் வேண்டாம், சத்தம் போதும். அப்படி ஒரு கடிகாரம் யாருக்கு வேண்டும்?

ஒவ்வொன்றாக வந்தது அவளுக்கு. சோற்றுத் தட்டை வைத்தால் அப்பா முதலில் விரலால் தட்டின் ஓரத்தைச் சுற்றித் தடவுவார். அவள் வாய் திறக்கும் முன்பே, யாரு, சுந்தரியா என்பார், கொலுசு இல்லாத காலை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று அவள் வியந்தது உண்டு. வீட்டு வாசலிலிருந்து மண்டபத்துக்குப் பதினெட்டே காலடி. அதற்கு மேல் அவர் தனியாக எங்கும் போனதில்லை. கடைசி ஐந்து வருஷம் அவள் கல்யாணப் போட்டோவை அவர் கையில் கொடுத்தபோதெல்லாம் தலைகீழாகப் பிடித்திருந்தார். துக்கத்தில் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்தாளே பாவி.

"அண்ணே, அப்பாவுக்குக் கண்ணு தெரியலை."

ஞானவேல் அவளை அடிக்க வருகிறவன் மாதிரி பார்த்தான். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்போ சாமி சொல்லலையா என்று மட்டும் கேட்டான். நாற்பது வயசு ஆண்பிள்ளை, முகம் சுருங்கிப் போயிற்று. அவனுக்கு அப்பா என்றால் அந்த ஒன்றுதான். ஊரில் நாலு பேர் முன்னால் அவன் நிமிர்ந்து நடப்பதும் அதனால்தான்.

சுந்தரிக்கு அப்படி இல்லை. அவளுக்கு அப்பா அந்த நிமிஷத்தில் மலையளவு உயர்ந்தார். ஐந்து வருஷம் கண் தெரியாமல், ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ளாமல், மடித்துணிக்குள் அமுக்கிய சத்தத்தை உள்ளங்கையிலேயே எண்ணிக்கொண்டு, ஒரு மணிகூடத் தப்பாமல். வேலை போனால் மடத்து வீடும் போகும், வீடு போனால் விதவை மகளை எங்கே கொண்டு வைப்பது? தனக்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. கடிகாரத்தை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டாள்.

ஞானவேல் எழுந்தான். நானூறோ முந்நூறோ, வந்த விலைக்குத் தள்ளிவிடு, எழுத்தும் வேண்டாம் கையெழுத்தும் வேண்டாம் என்றான். இந்தக் கடிகாரம் பம்பாய்க்குப் போகட்டும், இது பேசுவதை அடிவாரத்தில் ஒருத்தர் கேட்டால் நான் எப்படித் தலைநிமிர்ந்து சேகண்டி அடிப்பேன் என்றான். தொள்ளாயிரமெல்லாம் ஒரு விலையா என்று கேட்ட அதே வாய்.

*

மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. எதிர்க் கடை தெரியவில்லை. தெருவில் போகிற குதிரையின் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பார்சிக்காரர் சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். வயசானவர், கம்பளிக் கோட்டு, மெல்லிய பேச்சு. கடிகாரத்தைத் தொடுவதற்கு முன் கைகளைத் துடைத்துக்கொண்டார். புளி போட்ட பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், கறுத்த பக்கத்தைப் பார்த்துச் சமாதானமானார். தள்ளை நகர்த்திக் கேட்டுவிட்டு வெகு நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். சலாம் பாய் மொழிபெயர்த்தார். எழுதுகிறதானால் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும், பொய் எழுதின கடிகாரம் தமக்கு வேண்டாம் என்கிறாராம்.

சுந்தரி பேனாவை எடுத்தாள். ஞானவேல் தாளின் மேல் கையை வைத்தான். எடு அண்ணே என்றாள். அவன் எடுக்கவில்லை.

அப்போது படியில் காலடி கேட்டது. மஞ்சுக்குள்ளிருந்து பாப்பம்மாள் ஏறி வந்தாள். ஞானவேலின் துண்டைத் தலையில் போட்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

சலாம் பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கம்மா. அன்னைக்கு உக்காந்த அதே படி."

பாப்பம்மாள் அவரைப் பார்த்தாள். மேஜையில் மடித்திருந்த விபூதிப் பொட்டலத்தைப் பார்த்தாள். எல்லாம் ஆயிற்று என்று தெரிந்துகொண்டவளாய் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். மகளும் மகனும் கேட்காமலே சொன்னாள். அவருக்குக் கண் பார்வை போனது ஐம்பத்தொன்றில். அவளையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. பழனியில் பழுதுக்குக் கொடுத்தால் வெளியே தெரிந்துவிடும் என்று, கொடைக்கானலில் துரைமார் கடிகாரம் பார்ப்பவர் இருக்கிறார் என்று விசாரித்துத் தனியாக பஸ் ஏறி வந்தாள்.

"எழுது, சுந்தரி. ஒளிச்சு வச்சதெல்லாம் போதும். ஏலே ஞானவேலு, கையை எடு."

அவன் கையை எடுத்தான். அம்மா சொல்லச் சொல்லச் சுந்தரி எழுதினாள். கங்காணி, முப்பத்தொன்று, கண், சத்தம், இந்தக் கடை. எழுதின ஒவ்வொரு வரியையும் சலாம் பாய் இங்கிலீஷில் சொல்ல, பார்சிக்காரர் தலையை அசைத்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு அம்மா சற்று நிறுத்தினாள்.

"ஐம்பத்தாறு தை மாசம் உள்ளே எதுவோ ஒடிஞ்சு நின்னு போச்சு. மறுபடி இங்க கொண்டாற கையில காசில்லை. இனி இது வேணாம்னு அவரே எங்கிட்ட குடுத்துட்டாரு. சாமிக்கிட்ட கெடக்கட்டும்னு விபூதிக்குள்ள வச்சேன். யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு சங்கிலியை மட்டும் இடுப்புல கட்டிக்கிட்டாரு."

சுந்தரியின் பேனா நின்றது. காலையில் பாய் சொன்னதும் தான் காதில் வாங்காததும் இப்போது வந்து மோதியது. ஸ்பிரிங் முதலில் ஒடிந்தது, பிறகுதான் விபூதி.

தை. அப்பா செத்தது ஐப்பசி. நடுவில் ஒன்பது மாசம். அந்த ஒன்பது மாசமும் சேகண்டி இம்மி பிசகாமல் அடித்ததை அடிவாரம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அவளும் கேட்டிருக்கிறாள்.

அதே கேள்வியைப் பார்சிக்காரரும் கேட்டார். கடிகாரம் நின்ற பிறகு அவர் எதைக் கொண்டு மணி அடித்தார்?

சலாம் பாய் அதைத் தமிழில் சொன்னார். பாப்பம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஞானவேல் முக்காலியிலிருந்து மெல்ல எழுந்தான். அவன் முகத்தில் போன உயிர் திரும்ப வந்துகொண்டிருந்தது. சுந்தரிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த வருஷம்தான் அம்மா திடீரென்று மண்டபத்துப் படியில் பூக்கூடையோடு உட்கார ஆரம்பித்தாள். வெள்ளனே போய் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பாள். காசுக்குப் போகிறாள் என்று அப்போது நினைத்தார்கள்.

பார்சிக்காரர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, அந்த வரியைக் காலியாக விட்டுவிடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று விடுவதும் உண்மைதான் என்று சொல்லிவிட்டுத் தாளில் சுந்தரியிடமும் ஞானவேலிடமும் கையெழுத்து வாங்கினார். தொள்ளாயிரத்தையும் மேஜையில் வைத்தார். கடிகாரத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுந்தரி நோட்டுகளைத் தொடாமல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆண்டிச்சாமி, மாடியறை, சலூன்காரர், எல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"அஞ்சாச்சு. பணத்தை எடுத்துக்கிட்டு வெரசாப் போ, தாயி. அறைக்காரரு பூட்டிட்டுப் போயிருவாரு."

சொன்னது அம்மா. படியில் உட்கார்ந்தபடி, தெருப் பக்கம் பார்த்தபடி. வெளியே வெறும் மஞ்சு. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. சுவரில் பதினேழு கடிகாரமும் பதினேழு மணி காட்டிக்கொண்டிருந்தன. காட்டினாலும் அவளுக்குப் பார்க்கத் தெரியாது.

பார்சிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாயின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். பாய் சொன்னார். பெரியவர் ஒரு கணம் யோசித்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டார், கடிகாரத்தை வெளியே எடுக்காமலே தள்ளை நகர்த்தினார்.

ணிங். ணிங். ணிங். ணிங். ணிங்.

ஜோடிச் சத்தம் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். வரவே இல்லை. பெரியவர் கடிகாரத்தை எடுத்து முள்ளைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

சுந்தரி பணத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். ஞானவேல் படியில் இறங்கி அம்மாவின் காலடியில் குந்தினான்.

"அம்மா... அந்த ஒம்பது மாசமும் அப்பாவுக்கு நீதான் சொன்னியா? உனக்கு யாரு சொன்னாங்க?"

பாப்பம்மாள் மகனின் தலையைத் தொட்டாள். விபூதிப் பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எந்திரிடா. அவ ஒத்தையில ஓடுறா பாரு, கூடப் போ. சாவியை வாங்குங்க முதல்ல."